எந்தக் கிளையில் வந்து கட்டணும்?

கடன் பாக்கியைக் கட்டு என்று ஃபோனில் மிரட்டும் போலி வசூல் அழைப்புகளுக்கு, கடன் வாங்கியவரை விட வாங்காதவர்தான் சீக்கிரம் பணம் கட்டிவிடுகிறார். நான் பார்த்த வரையில் அப்படித்தான். வாங்கியவருக்கு எந்த வங்கி, எவ்வளவு பாக்கி, எத்தனை தவணை நின்றிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். பேசுகிறவன் தொகையைத் தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார். வாங்காதவருக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. "நான் வாங்கவே இல்லையே" என்பதற்கு மேல் அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் இருப்பவன் அதைக் கேட்டுப் பழகியவன். "எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க" என்று ஆரம்பித்துவிடுவான்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிச் சில ஆண்டுகள் வாராக்கடன் வசூல் மேசையில் இருந்தேன். அதனால் தெருவிலோ சொந்தத்திலோ யாருக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தாலும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுகிறார்கள். வராமல் கட்டிவிட்டு அப்புறம் வருகிறவர்களும் உண்டு.

பின் தெருவில் ஒரு பெண். கணவர் லாரி பட்டறை வைத்திருந்தவர், திடீரென்று தவறிவிட்டார். காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஃபோன் வந்தது. "உங்க வீட்டுக்காரர் 1,80,000 ரூபாய் பர்சனல் லோன் எடுத்திருக்கார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள 35,000 கட்டினா செட்டில்மென்ட்ல முடிச்சுக்கலாம். இல்லைன்னா நாளைக்கு ஜப்திக்கு ஆள் வரும்." பேசியவனுக்குக் கணவரின் முழுப்பெயர், பான் எண், பட்டறையின் விலாசம் எல்லாம் தெரிந்திருந்தது. அவள் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள். போகிற வழியில் என் வீட்டு வாசலில் நின்று கேட்டது ஒரே கேள்விதான்: "ஏக்கா, ஜப்தின்னா தண்டோரா போடுவாங்களா?"

கடன் உண்மையா பொய்யா என்று அவள் கேட்கவில்லை. கணவர் சொல்லாமல் வாங்கியிருக்கலாம் என்று அவளே முடிவு செய்துகொண்டுவிட்டாள். அவளுடைய கவலை முழுக்க வாசலில் ஆள் வந்து நின்றால் தெரு என்ன பேசும், படிக்கிற பையன் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதில்தான் இருந்தது. இந்தக் கூட்டம் பிழைப்பதே அந்தக் கவலையில்தான். பணம் பாக்கி இருக்கிறது என்று அவர்கள் யாரையும் நம்பவைக்க வேண்டியதில்லை. விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று நம்பவைத்தால் போதும். கேட்கும் தொகையைப் பாருங்கள்: 1,80,000 கேட்டால் யாராலும் உடனே புரட்ட முடியாது, நாலு பேரிடம் பேசவேண்டி வரும். 35,000 என்றால் ஒரு சங்கிலியோடு, யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். அது கணக்குப் போட்டு வைத்த தொகை.

அந்த எண்ணுக்கு நானே திருப்பி அடித்தேன். சொந்தக்காரி என்று சொல்லிக்கொண்டு, பணம் தயாராக இருக்கிறது, எந்தக் கிளையில் வந்து கட்டணும் என்று கேட்டேன்.

"பிராஞ்ச் எல்லாம் தாண்டிப் போயிடுச்சு மேடம். ஃபைல் லீகல்ல இருக்கு. நான் ஒரு நம்பர் தர்றேன், ஜிபே பண்ணிடுங்க, அஞ்சு நிமிஷத்துல க்ளோஸ் ஆயிடும்."

"பரவாயில்லை தம்பி, லோன் அக்கவுன்ட் நம்பர் சொல்லுங்க. நான் வங்கிக்கே போய்க் கட்டி ரசீது வாங்கிக்கிறேன்."

"அக்கவுன்ட் ப்ளாக் ஆயிருக்கு மேடம். நீங்க கட்டினாலும் ஏறாது."

வசூல் மேசையில் உட்கார்ந்த யாரும் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். வாராக்கடனில் பணம் கட்ட ஓர் ஆள் தானாகக் கிளைக்கு வருகிறார் என்றால் மேனேஜர் எழுந்து நாற்காலி போடுவார். கடன் கணக்கில் வரவு வைக்க முடியாதபடி எந்த வங்கியும் கதவை மூடி வைப்பதில்லை. 90 நாள் தவணை நின்று கணக்கு வாராக்கடன் ஆன பிறகும், வழக்குப் போட்ட பிறகும், பணம் அந்தக் கடன் கணக்குக்குத்தான் போகவேண்டும். ஒரு தனி ஆளின் யு.பி.ஐ எண்ணுக்கு வங்கிக் கடன் பாக்கி போவதற்கு வழியே இல்லை. அதனால் என்னைக் கேட்டால், மற்ற எல்லா அடையாளங்களையும் விட இந்த ஒரு கேள்வி போதும் என்பேன். உண்மையான ஏஜென்ட் கிளையின் பெயரைச் சொல்வான். போலி ஆள் நீங்கள் ஏன் அங்கே போகக்கூடாது என்பதற்குக் காரணம் சொல்வான்.

வழக்கு எண் கேட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப் வந்தது. ரசித்துப் பார்க்கவேண்டிய ஆவணம். மேலே நான்கு சிங்கம், கீழே இரண்டு ரப்பர் ஸ்டாம்பு, நடுவே ‘லோக் அதாலத் கைது வாரண்ட்’ என்று கொட்டை எழுத்து, ஐ.பி.சி 420. லோக் அதாலத் என்பது நம் மக்கள் நீதிமன்றம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசும் இடம். நானே வங்கி சார்பில் பலமுறை ஃபைல்களோடு போய் உட்கார்ந்திருக்கிறேன். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் உத்தரவு எழுதுவார்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் எழுந்து போய்விடலாம். கைது வாரண்ட் கொடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. நோட்டீஸ் உண்மையா என்று சந்தேகம் வந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அந்த 420-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி எனும் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஏமாற்றுக் குற்றம் அதில் 318-ஆம் பிரிவு. அதற்கு முன் நடந்த சம்பவங்களுக்குப் பழைய சட்டம்தான் என்பதால் 420 என்ற எண் இருந்தாலே போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எந்தப் பிரிவாக இருந்தாலும், வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது மட்டுமே ஏமாற்று ஆகாது. அது சிவில் விவகாரம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கியதாகக் காட்டவேண்டும். செக் திரும்பினால் கதை வேறு, அதற்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு இருக்கிறது. அதிலும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வந்து, பணம் கட்ட 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகுதான் வழக்கு. சாயங்காலம் 5 மணிக்குள் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

அவளுக்கு நான் சொன்ன இன்னொரு விஷயம் வாரிசுப் பொறுப்பு. கணவர் உண்மையிலேயே கடன் வைத்துவிட்டுப் போயிருந்தாலும், அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் அதைக் கேட்கமுடியும். மனைவியோ பிள்ளையோ ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, அவர்கள் சொந்தமாகச் சம்பாதித்ததையும் அவள் கழுத்தில் கிடக்கும் அவளுடைய நகையையும் கேட்க உரிமை இல்லை. இது தெரியாததால் இறப்பு நடந்த வீடுகள் இவர்களுக்கு எளிதாகப் போய்விடுகின்றன. துக்க வீட்டில் யாரும் எதிர்த்துக் கேட்கமாட்டார்கள், போனவர் பெயரில் கெட்ட பேச்சு வரக்கூடாது என்றுதான் பார்ப்பார்கள்.

பான் எண் வரை எப்படித் தெரிந்தது என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கடனுக்கு விண்ணப்பித்தால் போதும், கடன் கிடைக்கவே வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பெயர், பிறந்த தேதி, பான், ஆதார், விலாசம், இரண்டு ரெஃபரன்ஸ் எண்கள் என்று எல்லாம் எழுதிக் கொடுக்கிறோம். எத்தனை கைகள் மாறுகிறது என்று யாருக்கும் தெரியாது. நம் ஊரில் இது பரவலாவதற்கு முன்பே அமெரிக்காவில் இதே வேலை நடந்திருக்கிறது. சம்பள நாள் வரை தாங்குவதற்கு இணையத்தில் சின்னக் கடனுக்கு விண்ணப்பித்தவர்களின் விவரங்களை வைத்துக்கொண்டு, இல்லாத கடனைக் கட்டச் சொல்லி, போலீஸ் போலவும் வக்கீல் ஆபீஸ் போலவும் பேசி மிரட்டிய ஒரு கூட்டத்தை அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2012-இல் நீதிமன்றத்துக்கு இழுத்தது. வசூலானது 50 லட்சம் டாலருக்கு மேல். அந்த அழைப்புகள் போனது இந்தியாவிலிருந்து. விண்ணப்பித்தவர் கடன் வாங்கினாரா இல்லையா என்பதுகூட அவர்களுக்குப் பொருட்டாக இருக்கவில்லை.

நம் பக்கம் இதைப் பெரிதாக்கியவை லோன் ஆப்கள். 5,000 ரூபாய் கடன் என்பார்கள், கையில் 3,000 சொச்சம்தான் வரும், மீதி ‘ப்ராசஸிங்’ கட்டணம். ஏழாவது நாள் 5,000 கேட்பார்கள். சில நேரம் கேட்காமலேயே கணக்கில் பணம் விழும். ஆப் இறக்கியபோது தொடர்புப் பட்டியலுக்கும் படங்களுக்கும் கொடுத்த அனுமதிதான் அவர்களுடைய அடமானம். ரிசர்வ் வங்கியின் பணிக்குழு ஒன்று 2021 நவம்பரில் கொடுத்த அறிக்கையில், சுமார் 1,100 கடன் செயலிகளில் 600-க்கு மேல் சட்டவிரோதமானவை என்று சொன்னது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் இப்படி ஒரு லோன் ஆப் வழக்கில் சென்னை போலீஸ் பெங்களூரு வரை போய், இரண்டு சீனர்கள் உட்பட நாலு பேரைப் பிடித்து வந்தது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2022 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல்படி, கடன் செயலிகள் ஃபோனில் உள்ள தொடர்புகளையும் படங்களையும் தொடக்கூடாது. கடன் பணம் நேராக வாங்குபவரின் கணக்குக்கு வரவேண்டும், திருப்பிக் கட்டுவதும் நேராகக் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கே போகவேண்டும், நடுவில் எவர் கணக்கும் வரக்கூடாது. வசூலுக்கு ஏஜென்ட்டை நியமித்தால், அந்த ஆள் தொடர்பு கொள்வதற்கு முன்பே அவருடைய விவரத்தைக் கடன் வாங்கியவருக்கு எஸ்.எம்.எஸ்-ஸிலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்கவேண்டும்.

இந்தக் கடைசி விதி பலருக்குத் தெரியாது. தெரிந்தால் பாதிச் சண்டை முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும்.

ஓசூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகனுக்கு வந்தது வேறு ரகம். அவனுடைய பழைய ரூம்மேட் லோன் எடுத்துவிட்டு ஃபோனை அணைத்துவிட்டானாம். "நீங்கதான் ரெஃபரன்ஸ், அதனால நீங்கதான் கட்டணும்" என்று ஆபீஸ் நேரத்தில் விடாமல் அழைப்பு. "அத்தை, ரெண்டாயிரம்தான் கேக்குறான், தொலையுதுன்னு கட்டிடவா?" என்றான். கட்டாதே என்றேன். ரெஃபரன்ஸ் என்று ஒருவன் உன் எண்ணை எழுதிக் கொடுப்பதால் நீ ஜாமீன்தாரர் ஆகிவிடமாட்டாய், அதற்கு நீ கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும். அப்புறம், தொலையட்டும் என்று ஒருமுறை கட்டியவன் எண்ணைத்தான் அவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடுத்த வாரம் ‘வட்டி பாக்கி’ வரும். அந்த ரூம்மேட்டுக்கு உண்மையிலேயே கடன் இருந்ததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மிரட்டுகிறவன் எல்லாம் போலி இல்லை. உண்மையான கடனுக்கு உண்மையான நிறுவனம் வைத்த ஏஜென்ட்டும் அசிங்கமாகப் பேசுகிறான், அதை நான் உள்ளே இருந்தே பார்த்திருக்கிறேன். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொன்னபடி, காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டு அழைக்கக்கூடாது. குடும்பத்தினரையும் நண்பர்களையும் ரெஃபரன்ஸ் கொடுத்தவர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது. மகளிர் குழுக்களுக்கு வரும் நுண்கடன்களுக்கு நேரம் இன்னும் குறைவு, காலை 9 முதல் மாலை 6 வரைதான். இந்த விதிகளை மீறுகிறவன் போலியாகவும் இருக்கலாம், வரம்பு மீறிய நிஜ ஏஜென்ட்டாகவும் இருக்கலாம். அதேபோல பகல் 11 மணிக்கு மரியாதையாக, தமிழில், "வணக்கம்மா" என்று பேசுவதால் அவன் நிஜம் ஆகிவிடமாட்டான். ட்ரூகாலரில் வரும் வங்கிப் பெயருக்கும் மதிப்பு இல்லை. எப்படிப் பேசினான் என்பதை விட்டுவிட்டு, பணம் எங்கே போகச் சொல்கிறான் என்று பாருங்கள்.

அவன் எழுத்தில் என்ன கொடுக்கிறான் என்பதும் அதே அளவு முக்கியம். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண், கொடுத்த தேதி, இன்றைய நிலுவை, ஏஜென்ஸியின் பெயர், நிறுவனம் அதற்குக் கொடுத்த அதிகாரக் கடிதம். இவற்றை நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்தோ தபாலிலோ அனுப்பச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிடுங்கள். விவாதம் வேண்டாம். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், தான் நேர்மையானவன் என்று எதிரில் இருப்பவனிடம் நிரூபிக்காமல் ஓயமாட்டார்கள். அந்த ஆவலில் சம்பளம் எவ்வளவு, எந்த வங்கியில் கணக்கு, பையன் எங்கே வேலை பார்க்கிறான் என்று தாங்களே கொட்டிவிடுகிறார்கள். பிறந்த தேதி, பான், ஓ.டி.பி எதையும் ‘சரிபார்க்க’ என்று கேட்டால் சொல்லவேண்டாம். அவன் அனுப்பிய லிங்கில் இருக்கும் எண்ணுக்கும் அடிக்கவேண்டாம். பாஸ்புக்கில் அச்சிட்ட எண்ணுக்கோ கிளைக்கோ நீங்களாகப் பேசுங்கள்.

அதற்கும் முன்னால், வீட்டில் ஒருவரிடமாவது உடனே சொல்லிவிடுங்கள். "வீட்டுல சொல்லிடுவோம், காண்டாக்ட்ல இருக்கிற எல்லாருக்கும் அனுப்புவோம்" என்பதுதான் அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். நீங்களே சொல்லிவிட்டால் அவனிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. படத்தை மார்ஃபிங் செய்து அனுப்புவேன் என்று மிரட்டினால், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நீங்களே முந்திக்கொண்டு போட்டுவிடலாம்: என் பெயரில் மோசடிச் செய்தி வரும், பணம் அனுப்பாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள் என்று. ஆப்பை நீக்குவதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் சைபர் மோசடி உதவி எண் 1930. யோசிக்காமல், அழுது முடித்த பிறகு என்று தள்ளாமல், அந்த நிமிடமே. அந்தப் பணம் அடுத்த கணக்குக்கும் அதற்கடுத்த கணக்குக்கும் தாவுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் போகாவிட்டாலும், சந்தேக எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். நிஜ நிறுவனத்தின் ஏஜென்ட் அத்துமீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

பின் தெருப் பெண்ணுக்காக, அவளுடைய பான் எண்ணை வைத்து அவள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இதைத் தரும் நிறுவனங்கள் நான்கு. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுக்கவேண்டும். அவள் பெயரில் ஒரு நகைக்கடன்தான் இருந்தது, அவளுக்கே தெரிந்தது. கணவர் பெயரில் சொன்ன கடனுக்கு அந்த ஆள் சொன்ன வங்கியின் கிளையிலேயே போய் இறப்புச் சான்றிதழோடு கேட்டோம். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றார்கள். நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் ரிப்போர்ட்டில் தென்பட்டால் விஷயம் வேறு. உங்கள் ஆவணத்தை வைத்து எவனோ வாங்கியிருக்கிறான். உடனே அந்த கிரெடிட் நிறுவனத்திலும் கடன் கொடுத்த நிறுவனத்திலும் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கவேண்டும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது.

உண்மையிலேயே பாக்கி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் வழி அதேதான், கிளைக்கு நேரில் போவது. தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டலாம், ஒரு தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்கும் ஒருமுறைத் தீர்வு கேட்கலாம். தள்ளுபடி எவ்வளவு என்பதைக் கடிதமாக வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், ஃபோனில் சொல்லும் தள்ளுபடிக்கு எந்த மதிப்பும் இல்லை. கட்டி முடித்ததும், பாக்கி எதுவும் இல்லை என்று எழுதித் தரும் நோ டியூ சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள். வாராக்கடன்களை வங்கிகள் மொத்தமாக வேறு நிறுவனங்களுக்கு விற்பது உண்டு. தீர்த்துவிட்ட கணக்குக்குச் சில ஆண்டு கழித்து வேறொருவன் பாக்கி கேட்டு வந்த ஃபைல்களை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். அந்தச் சர்டிபிகேட்டை வைத்திருந்தவர்கள் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.